வாங்கியபோது இல்லாத வனேடியம்

2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் டீசலில் கந்தகம் மில்லியனில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சுத்திகரிப்பு ஆலையில் அந்தக் கந்தகத்தைப் பிரிக்க உதவுபவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள வினையூக்கிக் குச்சிகள். நுண்துளைகள் நிறைந்த அலுமினாவில் மாலிப்டினமும், துணைக்குக் கோபால்ட்டோ நிக்கலோ ஏற்றியிருப்பார்கள்.

சில ஆண்டுகளில் அவை ஓய்ந்துவிடும். படியும் கரியை எரித்துப் போக்கலாம். எண்ணெயின் அடிப்பகுதியான கனத்த கசடைச் சுத்திகரிக்கும்போது சேரும் உலோகத்தை அப்படிப் போக்க முடியாது. கச்சா எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் போர்பிரின் என்ற வளைய மூலக்கூறுகளின் நடுவே அமர்ந்திருக்கின்றன. இதை 1930களில் கண்டறிந்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாசிகளின் பச்சையம்தான் அந்த வளையங்களின் மூலம். மக்னீசியம் இருந்த இடத்தை வனேடியம் பிடித்துக்கொண்டது. வினையூக்கியில் வளையம் உடைய, உலோகம் துளைகளில் தங்கிவிடுகிறது.

இப்படித் தேய்ந்த வினையூக்கியில் வனேடியம் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. சுரங்கத் தாதுவில் பெரும்பாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. இதைக் குப்பைமேட்டில் புதைப்பது பெரும் விரயம் என்பேன், மண்ணுக்கும் கேடு. காற்றுப் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்பதால் மூடிய டிரம்களில் நைட்ரஜன் நிரப்பி அனுப்புகிறார்கள். அமெரிக்கா 1998இல் இதை அபாயகரமான கழிவாக அறிவித்தது.

மீட்பு ஆலையில் முதல் வேலை ஒட்டியிருக்கும் எண்ணெயையும் கரியையும் கந்தகத்தையும் எரிப்பது. இங்கே உலைக்காரருக்கு நிதானம் தேவை. சூடு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் மாலிப்டினம் ஆக்சைடு ஆவியாகிப் புகையோடு போகத் தொடங்கும். வெளிவரும் கந்தகப் புகையையும் பிடித்தாக வேண்டும். பிறகு சலவைச் சோடா கலந்து மீண்டும் வறுத்து வெந்நீரில் ஊறவைத்தால் வனேடியமும் மாலிப்டினமும் கரைந்து இறங்கும். வடிகட்டிய கரைசலில் அம்மோனியம் உப்பைச் சேர்த்ததும் வனேடியம் மட்டும் வெண்பொடியாகப் படியும். அதைச் சூடேற்ற, அம்மோனியா பிரிந்து ஆரஞ்சு நிற ஆக்சைடு கிடைக்கும். எஃகை வலுவாக்கச் சேர்க்கும் வனேடியத்துக்கு இதுவே மூலப்பொருள்.

மிஞ்சிய கரைசலில் அமிலம் விட்டு மாலிப்டினத்தை எடுக்கிறார்கள். கரையாமல் நின்ற நிக்கலையும் கோபால்ட்டையும் மின்உலையில் உருக்கிப் பிரிக்கலாம். கனமான அவை அடியில் சேர, அலுமினா கசடாக மேலே மிதக்கும்.