இரண்டு அடுக்கு, ஒரு கனிமம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பாறை வெடிப்புகளில் ஊடுருவிய வெந்நீர் உருவாக்கிய ஒரு களிமண் கனிமத்துக்கு 1891-இல் 'ரெக்டரைட்' என்று பெயர் சூட்டினார்கள். அதன் உள்ளமைப்பு தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின.

மைக்கா போன்ற அடுக்கு ஒன்று, அதன்மேல் நீரை உறிஞ்சி உப்பும் ஸ்மெக்டைட் அடுக்கு ஒன்று என மாறி மாறி அமைந்தது அது. இதைக் காட்டிக்கொடுப்பது எக்ஸ் கதிர். மைக்கா அடுக்கு 1 நானோமீட்டர். நீரேறிய ஸ்மெக்டைட் சுமார் 1.5. ஆகவே அளவீட்டில் ஏறத்தாழ 2.5 நானோமீட்டர் இடைவெளி தெரியும். மாதிரியை எத்திலீன் கிளைக்கால் ஆவியில் வைத்தால் அது 2.7 ஆக விரியும். நன்றாகச் சூடாக்கினால் நீர் வெளியேறி, 2-க்கு அருகே சுருங்கும். மைக்கா அடுக்கு மட்டும் மாறாது. எவ்வளவு அழகான சோதனை!

பிரான்சின் அல்வார் பகுதிக் களிமண்ணை முன்பு தனிக் கனிமமாகவே கருதினார்கள். அதுவும் ரெக்டரைட்தான் என்று 1963-இல் காட்டப்பட்டது.

புவிவெப்பக் கிணறு தோண்டுவோருக்கு இத்தகைய கலப்புக் களிமண் ஒரு வெப்பமானி. சூடு ஏற ஏற ஸ்மெக்டைட் குறையும். ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பெரும்பாலும் மைக்கா வகையைச் சேர்ந்த இல்லைட்தான் மிஞ்சும்.