கிரியேட்டினின் ஏறும் முன்பே

டயாலிசிஸ் உதவி கேட்டு நம்மிடம் வருவோர் பலரும், "போன வருஷம் கிரியேட்டினின் நார்மல்னுதானே சொன்னாங்க" என்கிறார்கள். இரத்தத்தில் அது ஏறுவதற்குள் சிறுநீரகம் பாதித் திறனை இழந்திருக்கக்கூடும். சர்க்கரை, பிரஷர் உள்ள பலருக்கு அதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியும்; வலி இருக்காது. மாத்திரையால் நோயின் வேகத்தைக் குறைக்க ஏற்ற கட்டம் அதுதான்.

ஃபஜ்ருக்கு எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். காய்ச்சல், மாதவிடாய் நாட்களில் தவறாகவும் கூட்டிக் காட்டும். மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்தே முடிவு செய்வார்கள்.

நன்னிலம் பக்கம் வெயிலில் நடவு, அறுப்புக்குப் போவோரும் பார்ப்பது நல்லது. 2023-இல் தமிழகத்தில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்ததில், சுமார் இருபதில் ஒருவருக்குச் சிறுநீரக நோய். அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இல்லை.

கசிவு உள்ளவர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் நோன்பு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.