ஜாவா வலைப் பிரயோகத்துக்கு ஏற்ற பிரயோகச் சேவையகத்தைத் தெரிவுசெய்தல்

அறிமுகம்

மேலோடியில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியதும் அதனைப் பெற்று, உரிய செய்நிரலை இயக்கி, தரவுத்தளத்துடன் தொடர்புகொண்டு, விடையைத் திருப்பி அனுப்பும் பணி சேவையகத்தில் நடைபெறுகின்றது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட வலைப் பிரயோகங்களை இவ்வாறு இயக்கும் மென்பொருள் பிரயோகச் சேவையகம் எனப்படும். பெரு நிறுவனப் பிரயோகங்களுக்கான ஜாவா விவரக்குறிப்பு 1999 இல் வெளியானது. 2018 முதல் அது ஜகார்த்தா ஈஈ என அழைக்கப்படுகின்றது.

இரு வகைகள்

1. சேர்வ்லெட் கொள்கலன்: வலைக் கோரிக்கைகளைப் பெற்று விடையளிக்கும் பகுதியை மட்டும் கொண்டது. சிறியது, விரைவாகத் தொடங்கும். உ-ம்: அப்பாச்சி டொம்கட், ஜெட்டி.

2. முழுமையான பிரயோகச் சேவையகம்: மேற்கூறியதுடன் கொடுக்கல் வாங்கல் முகாமை, செய்தி வரிசை, வணிகக் கூறுகள் ஆகியவற்றையும் கொண்டது. உ-ம்: வைல்ட்ஃபிளை (முன்னர் ஜேபொஸ்), கிளாஸ்ஃபிஷ், ஒரக்கிள் வெப்லொஜிக்.

உதாரணம்

பாடசாலை நூலகத்தின் நூற்பட்டியலைத் தேடும் பிரயோகம் ஒன்றைக் கருதுக. அது ஒரே தரவுத்தளத்தை வாசிப்பதால் டொம்கட் போதுமானது.

இனி, ஒரு வங்கியைக் கருதுக. ஒரு கணக்கிலிருந்து ரூபா 5000 கழிக்கப்பட்டு, வேறொரு தரவுத்தளத்திலுள்ள கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். கழித்தபின் இரண்டாவது தரவுத்தளம் செயலிழந்தால் வாடிக்கையாளரின் பணம் எங்கும் பதியப்படாமற் போய்விடும். இரு செயல்களும் ஒருங்கே நிறைவேற வேண்டும். இல்லையெனில் இரண்டும் மீளப்பெறப்பட வேண்டும். இப்பொறுப்பை முழுமையான சேவையகத்தின் கொடுக்கல் வாங்கல் முகாமையே ஏற்கின்றது. டொம்கட்டில் இவ்வசதி உள்ளடங்கவில்லை. தனி மென்பொருளாகச் சேர்க்க வேண்டும்.

தெரிவின்போது கவனிக்க வேண்டியவை

• தேவை: பிரயோகத்துக்கு எவ்வசதிகள் வேண்டும்?
• பதிப்பு: 2020 இல் வெளியான ஜகார்த்தா ஈஈ 9 இல் பொதிப் பெயர்கள் மாற்றப்பட்டன. எனவே டொம்கட் 9 இற்காக எழுதிய பிரயோகம் உரிய மாற்றமின்றி டொம்கட் 10 இல் இயங்காது.
• செலவு: டொம்கட், வைல்ட்ஃபிளை என்பன இலவசமான திறந்த மூல மென்பொருள்கள். வெப்லொஜிக்கை வணிகப் பயன்பாட்டில் இடுவதற்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும்.
• பராமரிப்பு: பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கின்றனவா? அதனைப் பராமரிக்கத் தெரிந்தோர் உள்ளனரா?

மாதிரி வினா

"வசதிகள் கூடிய சேவையகமே எப்போதும் சிறந்தது." இக்கூற்றை ஏற்கிறீரா? காரணம் தருக.

விடை: ஏற்க முடியாது. பயன்படுத்தாத வசதிகள் நினைவகத்தை நிரப்புவதோடு பராமரிப்பு வேலையையும் கூட்டும். ஆயின் தேவையான வசதி இல்லாவிடின் தரவு வழுவடையலாம். ஆகவே பிரயோகத்தின் தேவையே தெரிவைத் தீர்மானிக்க வேண்டும்.

நினைவிற் கொள்க: விடையில் சேவையகத்தின் பெயரை மட்டும் எழுதாது, அதனைத் தெரிவுசெய்த காரணத்தையும் எழுதுக.