வணரித்தண்டு நிலை உணரி: பழுதறிதல்

வணரித்தண்டு நிலை உணரி என்பது தானுந்துப் பொறியின் வணரித்தண்டு எக்கோணத்தில் உள்ளது, எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பவற்றை மின் குறிகையாக மாற்றி, மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்கு அனுப்பும் கருவி ஆகும். பட்டறை வழக்கில் வணரித்தண்டு கிராங்க் என்றும், இவ்வுணரி கிராங்க் சென்சார் என்றும், குறிகை சிக்னல் என்றும் வழங்கும். பெட்ரோல் தானுந்துகளில் எந்தக் கணத்தில் தீப்பொறி எழ வேண்டும் என்பது பெரும்பாலும் இக்குறிகையைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. குறிகை அற்றுப்போனால் தீப்பொறியும் எரிபொருள் தெளிப்பும் ஒருங்கே நின்று பொறி அணைந்துவிடும். உணரியைக் கழற்றி மாற்றுவது பல வண்டிகளில் எளிய வேலையே. பழுது உணரியில்தான் உள்ளதா, அதற்குச் செல்லும் கம்பியிலா, அது நோக்கும் பற்சக்கரத்திலா என்று பிரித்தறிவதே கடினமானது.

பின்னணி

அம்பாசடர், தொடக்ககால மாருதி 800 போன்ற கார்பரேட்டர் வண்டிகளில் தீப்பொறியின் நேரத்தைப் பகிர்வி, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர், கவனித்துக்கொண்டது. அதன் மூடியைத் திறந்து, தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலான பழுதுகள் தீர்ந்தன. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியாவில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதை ஒட்டி, மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை சிறிய வண்டிகளிலும் பரவியது. கண்ணால் காணத்தக்க தொடுமுனையின் இடத்தைக் கண்ணுக்குப் புலப்படாத குறிகை பிடித்தது. இருசக்கர வண்டிகளில் பல்சர் காயில் என வழங்கும் சிறு சுருளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அதனைச் சோதித்துப் பழகியவருக்குத் தானுந்தின் உணரி முற்றிலும் புதியதன்று.

செயற்படும் முறை

வணரித்தண்டின் முனையிலோ பிளைவீல் எனப்படும் சமனுருளியின் விளிம்பிலோ ஓர் இரும்புப் பற்சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். பரவலாகக் காணப்படும் ஒரு வகையில் 60 பற்களுக்கான இடம் இருக்கும். அவற்றுள் 58 பற்களே வெட்டப்பட்டிருக்கும். இரண்டு பற்கள் வேண்டுமென்றே விடப்படுகின்றன. அந்த வெற்றிடம் கடந்து செல்லும்போது, வணரித்தண்டு எந்த இடத்தில் உள்ளது என்பதைக் கட்டுப்பாட்டகம் அறிந்துகொள்கிறது. 36 பற்களுள் ஒன்று விடப்பட்ட சக்கரங்களும் உண்டு.

60 பல் அமைப்பில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 6 பாகைகள். பொறி நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழலும்போது வணரித்தண்டு ஒரு மில்லிவினாடியில் 18 பாகைகள் திரும்புகிறது. அதாவது ஒரு பல் கடந்துபோக மில்லிவினாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். இவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரேயொரு பல்லின் துடிப்பு தவறினாலும் கணக்குப் பிசகித் தீப்பொறி இடம் மாறக்கூடும்.

உணரிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். மின்தூண்டல் வகையில் ஒரு நிலைக்காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. பற்கள் கடக்கும்போது காந்தப் பாயம் மாறுவதால் சுருளில் மாறுதிசை மின்னழுத்தம் தானாகவே தோன்றுகிறது. இதற்கு வெளி மின்னூட்டம் வேண்டியதில்லை. ஆனால் சுழற்சி மெதுவானால் மின்னழுத்தமும் குறைந்துவிடும். மற்றையது, எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த ஹால் விளைவைப் பயன்படுத்துவது. இதற்கு 5 அல்லது 12 வோல்ட்டு மின்னூட்டம் தேவை. வெளிவருவது ஏறி இறங்கும் சதுர அலை. சுழற்சி எவ்வளவு மெதுவாயினும் இதன் உயரம் மாறுவதில்லை.

இரண்டு கம்பி என்றால் மின்தூண்டல் வகை, மூன்று கம்பி என்றால் ஹால் வகை என்று பொதுவாகச் சொல்வர். இதை முழுதும் நம்பலாகாது. மின்தூண்டல் உணரிகள் சிலவற்றில் இரைச்சலைத் தடுக்கும் உறைக்கம்பி மூன்றாவதாக வரும். வண்டியின் மின்சுற்றுப் படத்தைப் பார்த்து வகையை உறுதி செய்த பின்னரே அளவிட வேண்டும். ஹால் உணரியின் முனைகளில் மின்தடையை அளந்து முடிவு சொல்வது பொருளற்றது.

அறிகுறிகள்

செல்ப் அடிக்கும்போது பொறி சுழன்றும் பற்றிக்கொள்ளாமை, ஓடும்போது திடீரென அணைதல், சூடேறினால் நின்று ஆறியபின் இயங்குதல், இடையிடையே தட்டுதல் ஆகியவை முதன்மையான அறிகுறிகள். இவை அனைத்தும் எரிபொருள் பம்பு, முதன்மை ரிலே, திருட்டுத் தடுப்பு அமைப்பு ஆகியவற்றின் பழுதாலும் தோன்றலாம்.

சுழற்சிமானி உள்ள வண்டிகளில் ஒரு சிறு குறிப்பு உதவும். பல வண்டிகளில் அம்முள் வணரிக் குறிகையிலிருந்து கணக்கிடப்பட்டே நகர்கிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது பொறி செயலிழந்தாலும், சக்கரங்கள் வணரித்தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்நிலையில் முள் சட்டென 0-க்கு விழுந்தால் குறிகை அறுந்தது என ஐயுறலாம். வண்டியின் வேகத்தோடு சேர்ந்து முள் மெல்ல இறங்கினால் எரிபொருள் வழியைப் பார்ப்பது நன்று. ஓட்டுநர் இதைக் கவனித்துச் சொன்னால் பட்டறையில் அரை நாள் மிஞ்சும்.

பெரம்பலூர், அரியலூர்ச் சூழல்

விழுப்புரம் - திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியே செல்கிறது. கோடையில் இப்பகுதியின் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. நெடுந்தொலைவு ஓடிவந்த வண்டியைப் பாடாலூர்ப் பக்கம் தேநீருக்கு நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துச் செல்ப் அடித்தால் பற்றாமல் போவது வெப்பப் பழுதின் மாதிரி வடிவம். ஓடும்போது குளிர்நீரும் காற்றும் வெப்பத்தை அகற்றிக்கொண்டிருக்கும். பொறியை நிறுத்தியதும் இவ்விரண்டும் நிற்கின்றன. பொறியுடலின் சூடு மூடியின் கீழ்த் தேங்கி உணரியை மேலும் சூடாக்குகிறது. உள்ளே முறிந்திருக்கும் நுண்ணிய செப்புக் கம்பியின் முனைகள் விரிவினால் விலகிவிடும். ஆறியதும் மீண்டும் தொட்டுக்கொள்ளும். மீட்பு வண்டி வருவதற்குள் பொறி இயங்கத் தொடங்குவதும், பட்டறையில் எந்தக் குறையும் தென்படாததும் இதனாலேயே.

நான்குவழிச் சாலையில் பொறி அணைவது வெறும் தொல்லையோடு நிற்பதில்லை. பொறியே இயக்கும் நீர்ம முறைத் திசைமாற்றி உடனே கனத்துவிடும். தடையின் வெற்றிடத் துணையில் சில மிதிப்புகளுக்கே இருப்பு எஞ்சியிருக்கும். பின்னால் சரக்குந்து வரும் சாலையில் இது உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியது. எனவே தானாகச் சரியாகிவிட்டதெனக் கருதி இவ்வகை வண்டியை மீண்டும் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்வது தவறு.

அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979 முதல் இங்கு உள்ளது. கல் ஏற்றிய சரக்குந்துகளின் புழுதியே உணரியைக் கெடுக்கிறது என்று எண்ணத் தோன்றும். சுண்ணாம்புக்கல் காந்தத்தால் ஈர்க்கப்படுவதன்று. அதன் தூள் காந்தப் புலத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றாது. கேடு வேறு வழியில் வருகிறது. கசிந்த எண்ணெயுடனும் மழைநீருடனும் கலந்த புழுதி இணைப்பியில் படிந்து, அடைப்பு வளையம் தேய்ந்த இடத்தில் உட்புகுந்து, ஊசிகளை அரிக்கிறது. காந்தத்தை நேரடியாகப் பாதிப்பது இரும்புத் துகளே. தொடக்கி மோட்டாரின் பற்களும் சமனுருளியின் பல்வளையமும் உராய்ந்து உதிரும் துகள் உணரியின் முனையில் தாடிபோல் ஒட்டிக்கொள்ளும். துடைத்தெடுத்தாலே சில வண்டிகள் சரியாகின்றன.

பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் மிகுதியாகப் பயிராகின்றன. தானியம் வைத்த கொட்டகையில் இரவில் நிறுத்தப்படும் வண்டிகளில் எலி கம்பியைக் கடிப்பது வழக்கமான செய்தி. கடிபட்ட கம்பியை முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவதில் மற்றொரு பழுது பிறக்கலாம். மின்தூண்டல் உணரியின் இரு கம்பிகளும் இடம் மாறி இணைக்கப்பட்டால் அலை தலைகீழாகிவிடும். மின்தடை சரியாக இருக்கும், குறிகையும் வரும், ஆயினும் வெற்றிடப் பல்லைக் கட்டுப்பாட்டகம் தவறாகப் படிக்கும். மல்டிமீட்டரால் இதைக் கண்டுபிடிக்க இயலாது.

பழுதறியும் வரிசை

முதலில் மின்கலத்தைப் பார்க்க வேண்டும். செல்ப் மெதுவாகச் சுழன்றால் மின்தூண்டல் உணரியின் மின்னழுத்தம் போதாமல், நல்ல உணரியும் கெட்டதுபோல் தோன்றும். அடுத்து, செல்ப் அடிக்கும்போது தீப்பொறியும் தெளிப்பித் துடிப்பும் உள்ளனவா என்று காணவேண்டும். இரண்டும் இல்லையெனில் அவற்றுக்குப் பொதுவான காரணத்தைத் தேடலாம். தீப்பொறி ஒழுங்காக வருமாயின் வணரி உணரியை விட்டுவிட்டு வேறிடம் பார்க்கலாம்.

இந்தியாவில் பாரத் நிலை 4 தானுந்துகளுக்கு 2010 ஏப்ரல் முதல் வண்டியகப் பழுதறி அமைப்பும், 2013 ஏப்ரல் முதல் அதன் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. பழுதுக் குறியீடு பி0335 உணரியின் மின்சுற்றில் கோளாறு என்பதையும், பி0336 குறிகை ஒழுங்கற்றுள்ளது என்பதையும், பி0339 விட்டுவிட்டு வருகிறது என்பதையும் குறிக்கும். குறியீடு காட்டுவது மின்சுற்றை. உணரி கெட்டது என்று அது எங்கும் சொல்வதில்லை. இக்குறியீட்டைப் படித்தவுடன் உணரியை மாற்றுவது பட்டறைகளில் மிகுதியாக நிகழும் பிழை. குறியீடே பதிவாகாமல் குறிகை அறுவதும் உண்டு. ஆகவே ஸ்கேன் கருவியின் நேரடித் தரவில், செல்ப் அடிக்கும்போது சுழற்சி எண் தோன்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 150 முதல் 250 வரையான எண் நிலையாகத் தெரிந்தால் குறிகை கட்டுப்பாட்டகத்தை எட்டுகிறது எனக் கொள்ளலாம்.

எண் தோன்றாவிடில் இணைப்பியைக் கழற்றி அளவிடுதல் அடுத்த படி. மின்தூண்டல் வகையின் சுருள் மின்தடை பல வண்டிகளில் சில நூறு ஓம் முதல் ஆயிரம் ஓம் அளவில் இருக்கும். சரியான எண்ணை அவ்வண்டியின் கையேட்டில் காணலாம். சுருளுக்கும் உடற்பகுதிக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இருத்தலாகாது. பின்னர் முடி உலர்த்தியால் உணரியைச் சூடாக்கிக்கொண்டே அளவிட வேண்டும். செம்பின் மின்தடை வெப்பத்துடன் கூடுவது இயல்பு. 30 பாகையில் 500 ஓம் காட்டும் சுருள் 100 பாகையில் ஏறத்தாழ 630 ஓம் காட்டும். இது பழுதன்று. எண் திடீரென எல்லையற்றதாகத் தாவினால் உள்ளே முறிவு உள்ளது.

ஹால் வகையில் இணைப்பியின் கம்பிப் பக்கத்தில் மின்னூட்டமும் புவியிணைப்பும் வருகின்றனவா என்று முதலில் காண வேண்டும். இவை இல்லாமல் எத்தனை புதிய உணரிகளைப் பொருத்தினாலும் பயனில்லை. இரண்டும் இருப்பின், இணைப்பியை மீண்டும் மாட்டிப் பின்புறமாக அளவிட்டபடி வணரித்தண்டைக் கையால் மெல்லத் திருப்பினால், குறிகைக் கம்பியின் மின்னழுத்தம் மேலும் கீழும் தாவ வேண்டும்.

ஐயம் தீராதபோது அலைவுகாட்டி துணைபுரிகிறது. மல்டிமீட்டர் சராசரியையே காட்டும். அலைவுகாட்டி ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே காட்டும். 58 துடிப்புகளும் ஒரு வெற்றிடமும் சீராக வருகின்றனவா, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒரு துடிப்பு குறுகுகிறதா என்று பார்த்தால் வளைந்த பல் வெளிப்படும். துடிப்புகளின் உயரம் சுற்றுதோறும் ஒரு முறை ஏறி இறங்கினால் சக்கரம் மையம் விலகி ஓடுகிறது என்று பொருள். கிளட்ச் வேலைக்குப் பின் தோன்றிய பழுதுகளில் இவற்றை முதலில் ஐயுறுவது தகும்.

மாற்றிய பின்

உணரிக்கும் பல்லுக்கும் இடையேயான இடைவெளி பல வண்டிகளில் ஏறத்தாழ 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர். பொருத்தும் பரப்பில் பழைய துருவோ மண்ணோ இருந்தால் உணரி சாய்ந்து அமர்ந்து இடைவெளி கூடிவிடும். சில வண்டிகளில் புதிய உணரி பொருத்தியபின் சக்கரத்தின் நுண் வேறுபாடுகளைக் கட்டுப்பாட்டகம் மீண்டும் கற்றுக்கொள்ளுமாறு ஸ்கேன் கருவியால் ஆணையிட வேண்டும். இதைச் செய்யாவிடில் பொறி நன்றாக ஓடினாலும் தீத்தவறல் குறியீடு பதிவாகலாம். வெப்பப் பழுதாயின், வண்டியை ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் இயக்கிப் பார்த்த பின்னரே உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்.