அடுக்களை ஏடு

நமது வீடுகளில் நிலப் பத்திரங்களை வைக்க ஒரு பெட்டி உண்டு. ஜாதகக் கட்டுக்கு ஒரு மாடம் உண்டு. வரவு செலவுக் கணக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. ஆனால், அவ்வீட்டில் பிறந்தவர் அனைவரையும் ஆளாக்கிய சமையலுக்கு ஓர் ஏடு உண்டா என்று கேட்டால், இல்லை என்பதே பெரும்பாலோர் விடை. "எங்கள் தாயார் வைக்கும் ரஸத்துக்கு ஈடு இல்லை" என்று நாலு பேர் கூடிய இடத்தில் பெருமை பேசாத ஆடவர் அரிது. அந்த ரஸத்தில் மிளகு எவ்வளவு, புளி எந்தப் பக்குவத்தில் கரைக்கப்பட்டது, அடுப்பிலிருந்து எப்பொழுது இறக்கப்பட்டது என்று கேட்டாலோ, பெருமை பேசியவர் வாய் அடைத்து நிற்பார். அப்படி நின்றவர்களில் நானும் ஒருவன். ஆதலால் இதைப் பிறருக்குச் செய்யும் உபதேசமாகக் கொள்ளாமல், பட்டவன் சொல்லும் வார்த்தையாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

எனது ஊர் திருநெல்வேலிச் சீமையில் உள்ளது. அங்கே கலியாணம் முடிந்து மணமக்கள் மறுவீடு வரும்போது சொதி விருந்து இடுவது வழக்கம். சொதி என்பது தேங்காய்ப் பாலில் ஆக்கும் குழம்பு. புளியும் இல்லை, மிளகாய்ப் பொடியும் இல்லை. பாசிப்பருப்பும், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் முதலிய காய்களும், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதும், முடிவில் எலுமிச்சம்பழச் சாறும் சேர்ந்தது அது. தேங்காய்ப் பால் மந்தம் உண்டாக்கும் என்பதால், பக்கத்தில் இஞ்சிப் பச்சடி தவறாமல் இடம்பெறும். யாழ்ப்பாணத்திலும் சொதி என்றே பெயர் பெற்ற தேங்காய்ப் பால் குழம்பு ஒன்று உண்டு. அது இன்னும் நீர்த்தது, இடியப்பத்தோடு உண்பது. பெயர் ஒன்றாயினும் பக்குவம் வேறு.

எங்கள் தாயார் இச்சொதியில் பேர் பெற்றவர். உத்தியோக நிமித்தம் நாங்கள் வெளியூர்களில் குடியிருந்தோம்; விசேஷங்களுக்கு ஊர் வந்தால், அன்றைக்கு அடுப்பண்டை வேறு எவரையும் அவர் விடமாட்டார். அவர் காலஞ்சென்ற மறு வருஷம் என் மகளின் விவாகம் நடந்தது. மறுவீட்டு விருந்துக்குச் சமையற்காரரை அமர்த்தலாம் என்று வீட்டார் சொன்னார்கள். "கூடாது, அம்மா செய்தது போலவே வீட்டில் செய்ய வேண்டும்" என்று நான் பிடிவாதம் செய்தேன். என் மனைவி எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "அத்தை எலுமிச்சம்பழத்தை அடுப்பில் இருக்கும்போதே பிழிவார்களா, இறக்கிய பிறகா?" என்று மாத்திரம் கேட்டாள்.

நாற்பது வருஷம் அந்தச் சொதியை உண்டவன் நான். என்னால் விடை கூற இயலவில்லை.

முந்தின நாள் ஒத்திகையாகச் செய்து பார்த்தோம். கொதிக்கும்போதே பழத்தைப் பிழிந்தோம். பால் திரிந்தது, எண்ணெய் தனியே மிதந்தது. அதன் காரணத்தைப் பிற்பாடு அறிந்துகொண்டேன். தேங்காய்ப் பாலில் எண்ணெயும் நீரும் ஒன்றாகப் பிணைந்து நிற்பது அதிலுள்ள புரதத்தினால். பலமாகக் கொதித்தால் அப்பிணைப்புக் குலையும்; கொதிக்கும் பாலில் புளிப்பும் சேர்ந்தாலோ முற்றிலும் திரிந்து போகும். இந்த ரஸாயனம் எங்கள் தாயாருக்குத் தெரியாது. ஆனால் அவர் வைத்த சொதி ஒரு நாளும் திரிந்ததில்லை.

அன்று மானத்தைக் காத்தவர் பக்கத்துத் தெருவில் இருந்த பெரியம்மை. எண்பது வயது கடந்தவர். இருவர் கைத்தாங்கலாக வந்து, அடுப்புக்கு எதிரே முக்காலியில் அமர்ந்து, விருந்தை நடத்திக் கொடுத்தார். விருந்து முடிந்தபின் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் சென்று அளவு கேட்டேன். அவர் நகைத்தார். "அளவு கேட்கிறாயே ஐயா, நான் என்றைக்கு அளந்து போட்டேன்? கை அறியுமே!" என்றார்.

கேட்டு எழுதுவதால் பயனில்லை என்பது அப்போது விளங்கிற்று. மறு வாரம் அவர் சமைக்கும்போதே உடனிருந்து எழுதினேன். பருப்பை அவர் அள்ளியவுடன் கையை மறித்து, அதை ஒரு தட்டில் இடச் செய்து தராசில் நிறுத்தேன். "மூன்று பிடி" என்று அவர் சொன்னது 120 கிராம் நின்றது. தேங்காய் இரண்டு. அரைத்துப் பிழிந்து, முதற் பால் ஒரு தம்ளர் தனியே. இரண்டாம் பால், மூன்றாம் பால் தனித்தனியே. பருப்பை இலேசாக வறுத்து வேகவைத்து மசிக்க வேண்டும். காய்கள் வேகுவது மூன்றாம் பாலில். வெந்தபின் இரண்டாம் பாலும், இஞ்சி பச்சைமிளகாய் விழுதும், பருப்பும் சேரும். முதற் பால் கடைசியில்.

இவ்வளவும் அவர் வாயாற் சொன்னவை. சொல்லாதவை இரண்டு உண்டு. அவற்றை நான் கண்ணால் கண்டு எழுதினேன். முதற் பால் விட்டபின் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பாத்திரத்தின் விளிம்பில் நுரை கட்டி, நடுவில் முதற் குமிழி தோன்றுகிற கணத்தில் இறக்கிவிட்டார். பிறகு பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். சூடு கை பொறுக்கும் அளவுக்கு இறங்கியபின்தான் பழத்தைப் பிழிந்தார். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு, "இதைக்கூடவா சொல்ல வேண்டும்?" என்றார். வீட்டுப் பாகங்கள் அழிந்துபோகும் வழி இதுதான். அறிந்தவருக்கு அது சொல்லத்தக்க விஷயமாகவே தோன்றுவதில்லை. அறியாதவருக்கோ அதைக் கேட்க வேண்டும் என்பதே தெரிவதில்லை.

நமது பழைய இலக்கியத்திலும் இக்குறையைக் காணலாம். குறுந்தொகையின் 167-ம் பாட்டு கூடலூர் கிழார் இயற்றியது. புதிதாக மணம் புரிந்த பெண் தன் கையாலேயே தயிரைப் பிசைந்து, தாளிதப் புகை கண்ணில் உறுத்த, புளிப்பான குழம்பு ஒன்று சமைக்கிறாள். கணவன் அதை மெச்சி உண்கிறான். அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி தோன்றுகிறது. அதைக் கண்டு வந்த செவிலித்தாய் பெற்ற தாயிடம் தெரிவிக்கிறாள். எத்தனை நூற்றாண்டு சென்றும் மனத்தை உருக்கும் பாட்டு அது. ஆயினும், உண்டவனுடைய மெச்சுதல் அதில் நிலைத்தது போல, ஆக்கியவளுடைய பக்குவம் நிலைக்கவில்லை. அந்தக் குழம்பை இன்று யாரும் வைக்க இயலாது.

"இது பெண்டிர் காரியம், தேச காரியங்கள் எத்தனையோ இருக்க, ஆண் மக்கள் இதில் காலத்தைப் போக்குவதா?" என்று பொதுவாழ்வில் ஈடுபட்ட நண்பர்கள் கேட்கக் கூடும். நமது முன்னோர் அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை. சிறந்த சமையலுக்கு நாம் இன்றளவும் வழங்கும் பெயர்கள் நளபாகம், வீமபாகம் என்பன; இரண்டும் அரச குலத்து ஆடவர் பெயர்களே. 12-ம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் ஸம்ஸ்கிருதத்தில் மானஸோல்லாஸம் என்னும் பெருநூலை இயற்றினான். அரச நீதியையும், யானையையும், சங்கீதத்தையும் விரித்துரைத்த அம்மன்னன், உணவுக்கும் அதில் இடம் கொடுத்தான். உழுந்து மாவினால் ஆகும், இட்டலிக்கு முன்னோடியான ஒரு பண்டம் அதில் கூறப்பட்டிருக்கிறது. ஓர் அரசன் எழுதி வைத்ததனாலன்றோ நாம் அதை இன்று அறிகிறோம்!

நமது காலத்துக்கு அருகில் இத்தொண்டைச் செய்தவர் ஒரு பெண்மணி. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' 1951-ம் வருஷம் வெளிவந்தது. உறவினர் கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் ஊக்கம் அளித்ததன் பேரில் அவர் அதை எழுதத் துணிந்தார். அருகில் நின்று கற்பிக்க மூத்தவர் எவரும் இல்லாத பெண்ணும் பக்கத்தைப் பார்த்துச் சமைக்கும்படி அதில் அளவும் முறையும் வகுத்துரைத்தார். புக்ககம் செல்லும் பெண்ணுக்குச் சீரோடு சீராக அந்நூலையும் கொடுக்கும் வழக்கம் அநேகம் குடும்பங்களில் ஏற்பட்டது. கடல் கடந்து குடியேறியவர் பலர் அதைக் கையோடு எடுத்துச் சென்றனர். கையில் மாத்திரம் இருந்த வித்தையை ஏட்டில் ஏற்றினால் விளையும் நன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால், எவ்வளவு சிறந்த நூலாயினும் அது நம் வீட்டுப் பாகத்தைத் தராது. அதை நாமேதான் எழுத வேண்டும்.

எழுத முற்படுவோர் அளவு விஷயத்தில் எச்சரிக்கையாக இருத்தல் அவசியம். பாட்டிமார் வாயில் இன்றும் படி, ஆழாக்கு, பலம் என்ற சொற்கள் வழங்குகின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. சென்னை வழக்கில் ஒரு பலம் என்பது மூன்று தோலா, அதாவது சுமார் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை. 1956-ம் வருஷச் சட்டத்தினால் மெட்ரிக் அளவுகள் ஏற்பட்டு, 1958 முதல் படிப்படியாக வழக்கத்துக்கு வந்தன. பழைய ஆழாக்குகள் அரிசிப் பானையோடு சில வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை நீரால் நிரப்பி, எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளலாம். அப்பாத்திரம் போய்விட்டால், "ஓர் ஆழாக்கு" என்று எழுதிய குறிப்பு இருந்தும் ஐயம் தீராது.

கைப்பேசியைத் திறந்தால் ஆயிரம் பாகங்கள் காணக் கிடைக்கும்போது இச்சிரமம் எதற்கு என்பாரும் உண்டு. அங்கே சொதியும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தாயார் வைத்த சொதி கிடைக்காது. அதே கருவியை அடுக்களைக்கு எடுத்துச் சென்று, அவர் கை செய்வதைப் படமெடுத்து வைத்தால், அதைவிட நற்பயன் அதற்கு வேறில்லை.

இன்னொரு கூட்டத்தார், பழமையை மாசின்றிக் காக்கவே இதைச் செய்ய வேண்டும் என்பர். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் சொதியிலுள்ள மிளகாய், உருளைக்கிழங்கு, பீன்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. 1498-ல் போர்த்துக்கீசியர் இந்நாட்டுக் கரையில் இறங்கிய பின்னரே இங்கு வந்து சேர்ந்தவை. அதற்கு முன் நம் உணவில் உறைப்பைத் தந்தது மிளகு. வந்த காய்க்கு மிளகாய் என்று நாம் இட்ட பெயரிலேயே மிளகு நிற்கிறது. புதிய காயை ஏற்று, அதைத் தேங்காய்ப் பாலில் இட்டு, தம்முடையதாக்கிக்கொண்ட பெண்களின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. இனி வரும் பெண்ணோ பிள்ளையோ அதில் வேறொன்று சேர்ப்பதை ஏடு தடை செய்யாது. எதிலிருந்து மாறினோம் என்பதை அறியவாவது ஏடு வேண்டும்.

ஆகவே நண்பர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை மாத்திரம், கூட்டத்தையும் பிரசங்கத்தையும் ஒத்திவைத்து அடுக்களைக்குள் செல்லுங்கள். தாயார் இருந்தால் தாயாரிடம்; இல்லையேல் அத்தையிடம், அக்காளிடம். ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஒரே ஒரு பாகத்தை எழுதுங்கள். எழுதியதோடு நில்லாமல், மறு வாரம் அதை உங்கள் கையாலேயே சமைத்து, அவருக்கே முதலில் பரிமாறுங்கள். எங்கே பிழை என்று அவர் சொல்லுவார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அவ்வாறு சமைத்ததை உண்டு பார்த்த பெரியம்மை, "உன் அம்மை இன்னும் கொஞ்சம் இஞ்சி கூட்டுவாள்" என்றார். அந்த வருஷம் ஐப்பசியில் அவரும் காலமானார். நோட்டுப் புத்தகத்தில் இஞ்சியின் அளவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். இப்பொழுது அது என் மகளிடம் இருக்கிறது. மருமகன் அதைப் பார்த்துச் சொதி வைக்கிறார். பால் திரியவில்லை என்று கடிதம் வந்திருக்கிறது.