உங்களுக்குத் தெரியுமா? பூட்டிய கதவும் காலிக் கல்லாவும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் காலை எட்டரைக்குத் தோசையும் தே தாரிக்கும் மேசைக்கு வரும்போது, நியூயார்க்கில் முந்தின நாள் இரவு ஏழரை மணி. குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் பதின்மூன்று மணி நேர இடைவெளி. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் நம்மூர் ரசிகர் அலுவலக மேசைக்கு அடியில் கைப்பேசியை ஒளித்து வைத்து ஆட்டம் பார்ப்பதற்கு இதுதான் காரணம். முதலாளிக்குத் தெரியாமல் அவர் பார்க்கும் அந்தக் கூடைப்பந்திலேயே முதலாளிகளும் ஆட்டக்காரர்களும் கட்டிப் புரண்ட கதைகள் உண்டு. இந்த வாரம் அவையும், நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் சொந்தக் கதைகளும்.

● தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது வேலைநிறுத்தம். முதலாளி வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கதவடைப்பு. என்பிஏ-வில் சம்பளத் தகராறால் பருவ ஆட்டங்கள் ரத்தானது இரண்டு முறை. இரண்டு முறையும் பூட்டியவர்கள் முதலாளிகள்தான். 1998 ஜூலை 1 அன்று விழுந்த பூட்டு மறு ஆண்டு ஜனவரியில்தான் திறந்தது. 82 ஆட்டம் ஆட வேண்டிய அணிகள் 50 ஆட்டத்தோடு பருவத்தை முடித்தன. 2011-இல் பூட்டு தொங்கியது 161 நாள். மிஞ்சியது 66 ஆட்டம். அந்தப் பருவத்தின் முதல் பந்து கிறிஸ்துமஸ் நண்பகலில் நியூயார்க்கில் மேலே எறியப்பட்டபோது கோலாலம்பூரில் மறுநாள் பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

● 2011 சண்டை எதற்கு? தஞ்சாவூர்க்காரருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மேல்வாரம், குடிவாரம். விளைச்சலில் நிலக்காரருக்கு எவ்வளவு, உழுதவனுக்கு எவ்வளவு என்ற பழைய கணக்குதான். அதுவரை கூடைப்பந்து வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கு 57 விழுக்காடு. கதவு திறந்தபோது அது ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருந்தது. ஏழு விழுக்காடு சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஆண்டு வருமானம் கோடிக்கணக்கான டாலராக இருக்கும் இடத்தில் அது பெரிய வயல்.

● 1998-இல் ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த பேட்ரிக் யூயிங் ஒரு வார்த்தை சொல்லி மாட்டிக்கொண்டார். நாங்கள் நிறையச் சம்பாதிக்கிறோம், நிறையச் செலவும் செய்கிறோம் என்ற பொருளில் அவர் பேசியது அமெரிக்கா முழுக்கச் சிரிப்பாகிப் போனது. சிரித்தவர்களில் கார் தவணை கட்டாதவர் எத்தனை பேரோ!

● அதே 1998 பேச்சுவார்த்தையில் வாஷிங்டன் அணி முதலாளி ஏப் போலின் தன் நஷ்டத்தைச் சொல்லி வருந்தியபோது, லாபம் பார்க்க முடியாவிட்டால் அணியை விற்றுவிட்டுப் போங்களேன் என்கிற ரீதியில் ஓர் ஆட்டக்காரர் மடக்கினார். அவர் மைக்கேல் ஜோர்டன். பதின்மூன்று ஆண்டு கழித்து 2011-இல் அதே ஜோர்டன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், சார்லட் அணியின் முதலாளியாக. ஆட்டக்காரர் பங்கைக் குறைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த முதலாளிகளோடு சேர்த்து அவர் பெயரையும் அப்போது பத்திரிகைகள் எழுதின. மருமகள் மாமியாராவது நம் குடும்பங்களில் மட்டும் நடப்பதில்லை.

● ஆட்டக்காரர் சங்கத்தை 1954-இல் தொடங்கியவர் பாஸ்டன் அணியின் பாப் கூசி. அப்போது அவர் கேட்டவற்றில் ஒன்று ‘முணுமுணுப்பு அபராத’த்தை ஒழிப்பது. ஆட்டத்தின்போது நடுவர் தம் விருப்பத்துக்கு விதிக்கக்கூடிய பதினைந்து டாலர் அது. கேட்ட சங்கத்தை லீக் ஏற்றுக்கொள்ளவே மூன்று ஆண்டு ஆனது.

● 1964 ஜனவரி 14, பாஸ்டன். வெளியே பனிப்புயல். உள்ளே நட்சத்திர ஆட்டத்துக்குக் கூட்டம் நிரம்பிவிட்டது, தொலைக்காட்சி நேரலைக்குக் காத்திருக்கிறது. பில் ரசல், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட் எல்லோரும் உடைமாற்றும் அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். ஓய்வூதியத் திட்டத்துக்கு வாக்குக் கொடுத்தால்தான் வெளியே வருவோம் என்கிறார் சங்கத் தலைவர் டாமி ஹைன்சன். லேக்கர்ஸ் முதலாளி தன் இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் உடனே களத்தில் இறங்கச் சொல்லி ஆள் அனுப்பினார், பலிக்கவில்லை. கடைசியில் லீக் தலைவர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது. தொலைக்காட்சி மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் முதலாளிகள் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

● இனி நம்ம ஊர். கோலாலம்பூர் டிராகன்ஸ் என்ற கூடைப்பந்து அணி ஆசியான் கூடைப்பந்து லீக் 2009-இல் பிறந்தபோதே உடன் பிறந்தது. களம், ஹங் ஜெபாட் சாலையிலுள்ள மாபா அரங்கம். பின்னாளில் அது ‘வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ்’ ஆனது. வெஸ்ட்போர்ட்ஸ் என்பது கிள்ளானை ஒட்டிய இண்டா தீவின் கொள்கலன் துறைமுகம். அதை வளர்த்தெடுத்தவர் 2023-இல் மறைந்த தமிழர் தான்ஸ்ரீ ஞானலிங்கம். 2016-இல் சிங்கப்பூர் சிலிங்கர்ஸ் அணியை மூன்றுக்கு இரண்டு என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது டிராகன்ஸ். பயிற்றுநர் பிலிப்பினோக்காரர் ஏரியல் வாங்வார்டியா. பந்தைப் பகிர்ந்து கொடுத்த பொறுப்பு ஜேசன் பிரிக்மேன் கையில். பிரிக்பீல்ட்ஸுக்கும் அவருக்கும் உறவு ஏதுமில்லை. பெயரைப் பார்த்து நானும் ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

● லீக்கும் சரி, முதலாளியும் சரி, பெருந்தொற்றுக்கு முன் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆசியான் லீக்கின் 2019-20 பருவம் பாதியில் நின்றது.

● வெளிநாட்டில் ஆடப் போன கூடைப்பந்துக்காரருக்குச் சம்பளம் வராவிட்டால் எங்கே போவார்? உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 2007-இல் ஏற்படுத்திய நடுவர் மன்றம் ஒன்று ஜெனீவாவை இருக்கையாகக் கொண்டு இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதன் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு நடுவர். எந்த நாட்டுச் சட்டம் என்று தலையை உடைத்துக்கொள்ளாமல், எது நியாயம் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். நம் ஊர்ப் பஞ்சாயத்து ஆலமரத்தடியை விட்டு ஆல்ப்ஸ் மலையடிக்குப் போயிருக்கிறது!

● மலேசியாவில் ஆட்டக்காரர் - முதலாளி தகராறு என்றால் அது பெரும்பாலும் காற்பந்துதான். அமெரிக்கச் சண்டைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு. அங்கே கதவைப் பூட்டுவார்கள். இங்கே கதவு திறந்தே இருக்கும், பயிற்சி நடக்கும், ஆட்டம் நடக்கும், சம்பள நாளும் வரும். சம்பளம் மட்டும் வராது. அங்கே பங்கு எவ்வளவு என்று சண்டை. இங்கே ஏற்கெனவே பேசி எழுதிக் கையெழுத்துப் போட்டதைக் கொடு என்று கெஞ்சல். காஜி மாசுக் ஆச்சா (சம்பளம் வந்ததா) என்று ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே மாதங்களை ஓட்டுவார்கள்.

2022-இல் சம்பள பாக்கியோடு திணறிய மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டுக்கும் அடுத்த ஆண்டு சூப்பர் லீக்கில் ஆட உரிமம் கிடைக்கவில்லை. 2025-26 பருவம் தொடங்குவதற்குள் கெடா, பேராக், ஸ்ரீ பகாங் மூன்றும் பட்டியலில் இல்லை. கெடாவுக்குக் கோப்பைகள் நிரம்பிய வரலாறு உண்டு. வரலாற்றை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது.

● தலைநகர் அணி கேஎல் சிட்டி 2021-இல் ஜொகூர் அணியான ஜேடிடி-யை 2-0 என்று தோற்கடித்து மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1989-க்குப் பிறகு முதல் முறை. மறு ஆண்டு ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கிண்ண இறுதி ஆட்டம் வரை போய், புக்கிட் ஜாலில் அரங்கில் ஓமானின் அல் சீப் அணியிடம் தோற்றது. இதே அணிதான் பின்னர் சம்பள பாக்கியில் சிக்கிப் புள்ளிகளை இழந்தது. புள்ளி வெட்டு என்ற இந்தத் தண்டனை எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று. சம்பளம் தராதவர் நிர்வாகி. வெயிலில் ஓடி ஆடி வென்ற புள்ளியை இழப்பவர், அந்தச் சம்பளமும் வராத ஆட்டக்காரர்.

● பெட்டாலிங் ஜெயாவுக்கும் ஓர் அணி இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவிலிருந்து கிளைத்து, 2019-இல் பிஜே சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு சூப்பர் லீக்கில் ஆடியது. இந்தியச் சமூகத்தில் முளைத்த அணி நாட்டின் உச்ச லீக்கில். பி. மணியம் பயிற்றுநராக இருந்தபோது வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க முழுக்க உள்நாட்டுக்காரர்களை வைத்தே ஆடியது. 2022 பருவத்தோடு லீக்கை விட்டு விலகிக்கொண்டது. கதவடைப்புக்குக்கூட ஒரு நாள் திறக்கும் என்ற நம்பிக்கை உண்டு.

● இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், பதினைந்து நாள் கெடு கொடுத்து எழுத்தில் அறிவித்துவிட்டு ஒரு காற்பந்தாட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஃபிஃபா 2018-இல் சேர்த்த விதி இது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. முறித்துக்கொண்டு போக இன்னோர் அணி வேண்டுமே? பருவத்தின் நடுவில், பதிவுக் காலம் முடிந்த பின் இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் நிலை, வடை கிடைத்துப் பல் விழுந்தவர் நிலை.

● சம்பள பாக்கியோடு சேர்ந்தே வரும் இன்னொரு புகார் சேமநிதி. மலேசியாவில் ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடும் தொழிலாளி 11 விழுக்காடும் கட்ட வேண்டும், அதுவும் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள். காற்பந்தாட்டக்காரரின் தொழில் ஆயுள் பெரும்பாலும் முப்பத்தைந்து வயதோடு முடிந்துவிடுகிறது. நமக்கெல்லாம் சேமநிதி முதுமைக்கு. அவருக்கு நடுவயதிலேயே அதன் தேவை வந்துவிடுகிறது.

● மீண்டும் என்பிஏ. அங்கே முதலாளிகள் ஆதரித்த வேலைநிறுத்தமும் ஒன்று உண்டு. 2020 ஆகஸ்ட் 26 அன்று, ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டதைக் கண்டித்து மில்வாக்கி பக்ஸ் அணி களத்துக்கு வர மறுத்தது. ஒப்பந்தப்படி பருவத்தின் நடுவில் வேலைநிறுத்தம் கூடாது. ஆனால் அணியின் உரிமையாளர்களே ஆட்டக்காரர் பக்கம் நின்றார்கள்.

● மலேசியச் சட்டத்தில் வேலைநிறுத்தம் செய்ய ஒரு தொழிற்சங்கம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற வேண்டும். வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டால் வேலைநிறுத்தமும் கூடாது, கதவடைப்பும் கூடாது.

● 2025 ஜூலையில் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கின் நட்சத்திர ஆட்டக்காரர்கள், எங்களுக்குத் தர வேண்டியதைக் கொடுங்கள் என்ற வாசகம் போட்ட கறுப்புச் சட்டையோடு ஆட்டத்துக்கு முந்தின பயிற்சிக்கு வந்தார்கள். 1964-இல் ஆண்கள் பாஸ்டன் அறைக்குள் பூட்டிக்கொண்டு செய்ததை இவர்கள் கேமராவுக்கு முன்னால் செய்தார்கள்.

● இந்தக் கணக்கெல்லாம் கிள்ளானுக்குப் புதிதில்லை. 1941-இல் உலகப் போரால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. தோட்டத்துக்குப் பணம் கொட்டியது, பால் வெட்டியவருக்கு நாள் கூலி ஐம்பது காசு. கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப் பாட்டாளிகள் வேலையை நிறுத்தினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன். கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு மட்டும் இல்லை. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது ஆகியவையும் இருந்தன. கூடவே இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லிக் கூட்டம் திரண்டது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்துத் துருப்புகளை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.