தேங்கும் இரும்பும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும்

இரும்பு உயிருக்கு இன்றியமையாத உலோகம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கீரை உண்ணுமாறும் இரும்புச் சத்து மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ளுமாறும் ஊர்தோறும் கூறப்பட்டு வருகிறது. இரத்தச் சோகை மிகுந்த நம் நாட்டிற்கு அவ்வறிவுரை முற்றிலும் பொருத்தமானதே. ஆயினும், அதே உலோகம் அளவு மீறித் தேங்குமாயின் கல்லீரலையும் இருதயத்தையும் அழிக்கும் நஞ்சாகிறது என்பதும், கொடிய பரம்பரை நோயொன்றைத் தீர்க்கவல்ல சிகிச்சைக்கே அது பெரும் இடையூறாக நிற்கிறது என்பதும் அவ்வளவாக அறியப்படவில்லை.

வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள இரும்பு ஏறத்தாழ 4 கிராம். அதாவது, ஒரு சிறு ஆணியின் எடை. இதில் பெரும்பகுதி இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் அடங்கியிருக்கிறது. உணவிலிருந்து நாள்தோறும் குடல் ஈர்த்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. உதிரும் தோலுடனும் குடலின் உள்வரிச் சவ்விலிருந்து கழியும் அணுக்களுடனும் அதே அளவு வெளியேறுகிறது. உப்பு மிகுந்தால் சிறுநீரகங்கள் அதனைக் கழித்துவிடும். இரும்பு மிகுந்தாலோ அதனைக் கழிப்பதற்கென்று உடலில் எவ்வித ஏற்பாடும் இல்லை. முன்வாயிலில் காவல் உண்டு. கொல்லைக் கதவு கிடையாது.

இக்குறையின் முழு விளைவும் தலசீமியா என்னும் நோயில் புலனாகிறது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர் இதனை விவரித்தார். தாய் தந்தை இருவரும் இந்நோயின் கூறினைத் தாங்கியவராயின், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அளவு, கடும் நோயுடைய குழந்தை பிறக்க வாய்ப்புண்டு. இந்திய மக்களில் நூற்றுக்கு 3 முதல் 4 பேர் இக்கூறினைத் தாங்கியிருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளி மக்களிடையே இது மிகுதி. ஆண்டுதோறும் பத்தாயிரத்திற்குக் குறையாத குழந்தைகள் இந்நோயுடன் பிறக்கின்றன. இவர்களால் போதிய ஹீமோகுளோபினை உண்டாக்க இயலாது. ஆகையால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பிறர் இரத்தத்தைச் செலுத்தியே உயிர் காக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஓராண்டில் 20 பைகள் பெறும் சிறுவனது உடலில் 4 கிராமுக்குக் குறையாத இரும்பு புதிதாகச் சேர்கிறது. வளர்ந்த மனிதன் ஒருவனது உடலின் மொத்த இரும்புக்கு ஈடான அளவு ஒரே ஆண்டில் சிறு உடலொன்றில் குவிகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இயல்பான நிலையில் இரத்தத்திலுள்ள இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் தாங்கிச் செல்கிறது. அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கே சாதாரணமாக நிரம்பியிருக்கும். அது முற்றும் நிரம்பியபின் மிஞ்சும் இரும்பு கட்டின்றி உலவுகிறது. இரும்பு உப்புக்களின் முன்னிலையில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு மிகுந்த வேகத்துடன் பிற பொருள்களைத் தாக்குவதை 1894ஆம் ஆண்டில் ஃபென்டன் என்ற இங்கிலாந்து இரசாயன அறிஞர் எடுத்துரைத்தார். அதே வினைதான் இங்கு உயிரணுக்களுக்குள் நிகழ்ந்து, அவற்றின் சவ்வுகளைச் சிதைக்கிறது. கல்லீரலில் தழும்புகள் தோன்றுகின்றன. இருதயத் தசை தளர்கிறது. கணையம் பழுதுபட்டு நீரிழிவு உண்டாகிறது. பிட்யூட்டரி சுரப்பி தாக்கப்படுவதால் வளர்ச்சி தடைப்பட்டுப் பருவமடைதலும் தள்ளிப்போகிறது. வகுப்பில் தன் வயதினரைவிடக் குட்டையாயும் தோல் கறுத்தும் காணப்படும் மாணவனை ஆசிரியர் சோம்பேறி என்று எண்ணிவிடலாகாது.

தேங்கிய இரும்பைப் பற்றி வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவற்றுள் முதலாவதான டெஸ்ஃபெரியாக்ஸமின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டு, 1960களில் வழக்கிற்கு வந்தது. இதனைத் தோலுக்கடியில் ஊசி செருகிச் சிறு பம்பின் வாயிலாக இரவு முழுதும் செலுத்த வேண்டும். வாய்வழி உட்கொள்ளத்தக்க டெஃபெரிப்ரோன் 1990களில் இந்தியாவில் அனுமதி பெற்றது. டெஃபெராசிராக்ஸ் அதன்பின் வந்தது. முன்னது வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும். பின்னது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஆகையால் இரத்தச் சோதனையின்றி இவற்றைத் தொடர்வது ஆபத்து.

நோயை வேரோடு நீக்க வல்லது, ஸ்டெம் செல் என வழங்கும் மூல உயிரணுக்களை மாற்றி வைக்கும் சிகிச்சை. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தலசீமியாக் குழந்தையொன்றுக்கு இது முதன்முதலாகச் செய்யப்பட்டது. அக்காலத்திலேயே இத்தாலியின் பெசாரோ நகரில் குய்டோ லுக்கரெல்லி இச்சிகிச்சையைத் தொடங்கினார். அவருடைய குழுவினர் கண்ட உண்மை குறிப்பிடத்தக்கது. கல்லீரல் வீக்கம், கல்லீரலில் தழும்பு, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமை ஆகிய மூன்றும் இல்லாத குழந்தைகளை முதல் வகுப்பிலும், மூன்றும் உடையோரை மூன்றாம் வகுப்பிலும் அவர்கள் சேர்த்தனர். 1990ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வின்படி, முதல் வகுப்பில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பிலோ ஏறத்தாழ 60 பேரே பிழைத்தனர். வகுப்பைப் பிரித்த மூன்று அடையாளங்களும் இரும்பின் தொடர்புடையவை.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. புதிய மஜ்ஜைக்கு இடம் அளிப்பதற்காகப் பழைய மஜ்ஜையை பூசல்ஃபான் முதலிய கடுமையான மருந்துகளால் அழிக்க வேண்டும். இம்மருந்துகளின் நச்சுத்தன்மையை முறிப்பதற்குக் கல்லீரல் குளூட்டாதியோன் என்னும் பொருளைச் செலவிடுகிறது. இரும்பு தேங்கிய கல்லீரலிலோ அச்சேமிப்பு முன்னரே குறைந்திருக்கிறது. அதனால் கல்லீரலின் நுண்ணிய இரத்த நாளங்களின் உட்சுவர் புண்பட்டு அடைபடுகிறது. வயிற்றில் நீர் கோத்தல், மஞ்சள் காமாலை, வலியுடன் கல்லீரல் வீங்குதல் ஆகியன இதன் குறிகள். கடுமையாயின் உயிர் பிழைப்பது அரிது. மேலும், மஜ்ஜை அழிந்த நாட்களில் சிவப்பணு உற்பத்தி நின்றுவிடுவதால் இரும்பைப் பயன்படுத்துவோர் இல்லை. டிரான்ஸ்ஃபெரின் முழுதும் நிரம்பிவிடுகிறது. கட்டற்ற இரும்பு பூஞ்சைகளுக்கும் சில பாக்டீரியாக்களுக்கும் நல்ல உணவு. விந்தையானதொரு செய்தி: இரும்பைப் பற்றும் டெஸ்ஃபெரியாக்ஸமினிடமிருந்தே ரைசோபஸ் என்னும் பூஞ்சை இரும்பைக் கவர்ந்துகொள்ளும் ஆற்றல் உடையது.

இந்தியாவில் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த குழந்தைகளே மிகுதியாகச் சிகிச்சைக்கு வருகின்றனர். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மஜ்ஜை மாற்றம் 1986ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. பூசல்ஃபானுக்குப் பதிலாக ட்ரியோசல்ஃபான் என்னும் மருந்தைப் பயன்படுத்தியபோது, கடும் அபாயத்திலிருந்த குழந்தைகளிடையேயும் கல்லீரல் நாள அடைப்பும் தொடக்ககால மரணங்களும் குறைந்தன என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மஜ்ஜை மாறினாலும் பழைய இரும்பு அகல்வதில்லை. குணமடைந்த குழந்தையிடமிருந்து ஏறத்தாழ இரண்டு வாரத்திற்கு ஒரு முறை சிறிதளவு இரத்தம் எடுத்து, மிகுந்த இரும்பைக் குறைப்பது எளிய முறை. பல ஆண்டுகள் இரத்தம் பெற்று வாழ்ந்த குழந்தையே இப்போது இரத்தத்தை இழக்க வல்லதாகிறது.

களப் பணியாளரின் கவனத்திற்குரியவை சில. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தை வெளிறி, வயிறு உப்பி, இரும்பு மருந்தால் தேறாதிருப்பின், மருந்தின் அளவைக் கூட்டாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். பெரியோருக்கான இரும்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. 10 கிலோ எடையுள்ள குழந்தை விளையாட்டாகப் பத்து மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே அபாயம். உடன்பிறந்தோர் ஒவ்வொருவரின் திசு பொருந்தவும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. 2017ஆம் ஆண்டில் கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியுடன் தொடங்கிய தலசீமியா பால் சேவா யோஜனா வழியாக, மாற்றுச் சிகிச்சைக்கு ரூ. 10 இலட்சம் வரை உதவி அளிக்கப்பட்டு வந்துள்ளது. சிகிச்சைக்கு ஏற்ற காலம் கல்லீரல் வீங்குமுன்னரே ஆதலால், நோய் தெரிந்த அன்றே உடன்பிறந்தோரின் திசுப் பொருத்தச் சோதனைக்குப் பெற்றோரை அனுப்புவது நலம்.